ரேணுகா குடித்த கடல்பாசிச் சாறு

ரேணுகாம்பாள் அந்தக் கஃபேயில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அடி அண்ணாமலையில் ஒரு விவசாயக் குடும்பத்துச் சமையல்தான்: சோறு, குழம்பு, கீரைக் கடைசல், கேழ்வரகுக் களி. திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கலையரசன் என்பவர் தன் வீட்டின் முன்பக்கத்தையும் அதை ஒட்டிய மாமர நிழலையும் சேர்த்து அந்தக் கஃபேயை நடத்திவந்தார். ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள்தான் அவருடைய வாடிக்கை. ரேணுகாவைப் பாத்திரம் கழுவத்தான் எடுத்தார். ஒரு சீசன் முடிவதற்குள் அவள் அடுப்புப் பக்கம் வந்துவிட்டாள்.

அவளுடைய நாக்கு அப்படி. எதையும் ஒருமுறை ருசி பார்த்துவிட்டால் அதில் என்னென்ன விழுந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். இத்தாலிக்காரர் ஒருவர் செய்து காட்டிய பாஸ்தாவை மறுவாரமே அவருக்குச் செய்து வைத்தாள். அவர் இன்னொரு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பன்னிரண்டாவது வரை படித்தவள். ஆங்கிலம் புரியும், பேசத்தான் கூச்சம். தமிழிலேயே அதிகம் பேசாத குணம். ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அவளை அசைக்க முடியாது என்று கணவன் வல்லரசு சொல்வான். வல்லரசு ஆட்டோ ஓட்டினான். கொஞ்சம் நிலமும் இருந்தது, வேர்க்கடலை போட்டிருந்தார்கள். அதை அவன் அம்மா சந்திரம்மாள் பார்த்துக்கொண்டாள்.

கஃபேக்குப் பின்னால் இருந்த வீட்டின் மாடியில் யங்ஹீ என்ற கொரியப் பெண்மணி வாடகைக்கு இருந்தார். அறுபதைத் தாண்டியவர். கணவர் இறந்த பிறகு திருவண்ணாமலைக்கு வந்தவர், விசா முடியும்போது ஊருக்குப் போவதும் திரும்பி வருவதுமாகப் பல வருடங்களைக் கழித்திருந்தார். காலையில் ஆசிரமத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தால் மீதிப் பொழுது கஃபேயில்தான். கற்றுக்கொண்ட தமிழைத் தயங்காமல் பேசுவார். அவருக்கும் ரேணுகாவுக்கும் ஒட்டுதல் வந்தது சமையலால். ஊரிலிருந்து கொண்டுவந்த மூட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இதை ஊறவை, அதை வதக்கு என்று அவர் சொல்வார், ரேணுகா செய்வாள்.

அந்த மூட்டையில் காய்ந்த கடல்பாசியும் இருந்தது. ஒன்று மெல்லியது, தண்ணீரில் போட்டால் கீரை மாதிரி விரியும். இன்னொன்று தோல் மாதிரித் தடித்து, மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்தத் தடித்த பாசியைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் லேசான பழுப்பு நிறத்தில் ஒரு சாறு இறங்கும். தங்கள் ஊரில் பாதிச் சமையலுக்கு அதுதான் ஆரம்பம் என்றார் யங்ஹீ. முதல்முறை அதை வாயில் வைத்தபோது, மீனும் இல்லாமல் காயும் இல்லாமல் எங்கிருந்து இந்த ருசி வருகிறது என்று ரேணுகா வெகுநேரம் யோசித்தாள்.

கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. சந்திரம்மாள் குத்திப் பேசுகிறவள் அல்ல. ஆனால் பௌர்ணமிகளில் வீட்டு வாசலைக் கடந்து போகும் கிரிவலக் கூட்டத்தில் கைக்குழந்தையோடு யாராவது வந்தால், பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அந்தக் குழந்தை மறையும்வரை பார்ப்பாள். அதை ரேணுகா கவனித்திருந்தாள். அதனால் நாள் தள்ளிப்போனபோது வாயைத் திறக்கவில்லை. சுகாதார நிலையத்தில் உறுதி செய்துகொண்ட பிறகுதான் வீட்டில் சொன்னாள். அங்கே ரத்தம் எடுத்து, சர்க்கரை, ரத்தசோகை, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். ஒன்றிலும் குறை இல்லை.

சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்துவிட்டு வந்த வாரமே வாந்தி பிடித்துக்கொண்டது. சோறு வேகும் வாசனை ஆகவில்லை, வெங்காயம் வதங்கும் வாசனை ஆகவில்லை. சந்திரம்மாள் மிளகு ரசம் வைத்துப் பார்த்தாள். நார்த்தங்காய் ஊறுகாய், மாதுளை, பொரி என்று யார் எதைச் சொன்னாலும் வாங்கிவந்தாள். மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு முறை குளுக்கோஸ் ஏற்றினார்கள். எடை கூடவேண்டிய நேரத்தில் குறைந்துகொண்டே போனது. வீட்டில் படுத்திருந்தால் இன்னும் மோசமாக இருக்கிறது என்று அவள் வேலைக்குப் போய்வந்தாள்.

ஒருநாள் கஃபேயின் பின்பக்கக் குழாயடியில் வாந்தி எடுத்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். யங்ஹீ பார்த்துவிட்டு மாடிக்குப் போனார். ஒரு கிண்ணத்தில் பாசிச் சாற்றை வெறும் உப்பு மட்டும் போட்டு வெதுவெதுப்பாகக் கொண்டுவந்து கொடுத்தார். ரேணுகா ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். குடித்துவிட்டு, வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அந்த வாரத்தில் அவள் உடம்பில் தங்கிய முதல் ஆகாரம் அதுதான்.

"எங்க ஊர்ல அம்மா ஆனா இது குடிக்கணும்," என்றார் யங்ஹீ, சந்தோஷமாக. "என் அம்மா குடிச்சாங்க. நான் குடிச்சேன். ரத்தம் நல்லது, பால் நல்லது."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கஃபேயில் ஒரு பெரிய கிண்ணம், வீட்டுக்கு ஒரு பிளாஸ்க். சாற்றைக் குடித்துவிட்டு, வெந்த பாசியையும் நறுக்கிச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவாள். பாசி தீரப்போகிறது என்றதும் யங்ஹீ சென்னையிலிருந்த கொரியக் கடையில் சொல்லி வரவழைத்தார். ஐந்தாம் மாதம் வாந்தி நின்றது, சாறு நிற்கவில்லை. நாக்கு அதற்குப் பழகிவிட்டிருந்தது. மாதாந்திரப் பரிசோதனைகளில் கீரை சாப்பிடுகிறாளா, முட்டை சாப்பிடுகிறாளா, இரும்புச்சத்து மாத்திரை போடுகிறாளா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். பாசிச் சாற்றைப் பற்றி அவள் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. ரசம் குடிக்கிறேன் என்று யாராவது மருத்துவரிடம் சொல்வார்களா?

தை மாத ஆரம்பத்தில், டவுனில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் சுகப்பிரசவமாகப் பெண் குழந்தை பிறந்தது. சினேகா என்று பெயர் வைக்க வல்லரசு முன்பே முடிவு செய்திருந்தான். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் அபிநயா என்ற செவிலியர் வந்து குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, சில சொட்டு ரத்தத்தை ஒரு தடித்த காகிதத்தில் எடுத்தாள். பிறந்த பிள்ளையை எதற்குக் குத்துகிறீர்கள் என்று சந்திரம்மாள் முகம் சுளித்தாள். தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு, குழந்தையைப் பார்த்தால் தெரியாது, ரத்தத்தில்தான் தெரியும் என்றாள் அபிநயா. வல்லரசுவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

சினேகா அழாத குழந்தையாக இருந்தாள். போட்ட இடத்தில் கிடந்தாள், தூங்கினாள். பால் கொடுக்க எழுப்பவேண்டியிருந்தது. எழுப்பினாலும் பாதியில் தூங்கிவிடுவாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தங்கமான பிள்ளை, அம்மாவைப் படுத்தாத பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மஞ்சள் காமாலை கொஞ்சம் இருந்தது. இளவெயிலில் காட்டச் சொன்னார்கள், காட்டினார்கள், முழுக்கப் போகவில்லை. எப்போதாவது அழுதாலும் தொண்டை கட்டியவர் பேசுவது மாதிரி ஒரு கரகரப்பு. ரேணுகா அதைச் சந்திரம்மாளிடம் சொன்னாள். தலைப்பிள்ளை என்றால் எல்லாமே பயமாகத்தான் இருக்கும் என்று அவள் சமாதானம் சொன்னாள்.

யங்ஹீ ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டோ பிடித்து வந்தார். வரும்போதெல்லாம் ஒரு தூக்குப் பாத்திரத்தில் மெல்லிய பாசி போட்ட சூப். பிரசவித்தவள் குடிக்கவேண்டியது. ரேணுகா அதையும் மிச்சமில்லாமல் குடித்தாள்.

மருத்துவமனையிலிருந்து போன் வந்தது தைப்பூசத்தன்று. பௌர்ணமியும் சேர்ந்த நாள். சாலை முழுக்கக் கிரிவலக் கூட்டம், வண்டிகளை நிறுத்திவிட்டிருந்தார்கள். பிற்பகலில் வல்லரசு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அபிநயா பேசினாள்.

"ரிப்போர்ட்ல ஒண்ணு ஜாஸ்தியா இருக்குங்க. பயப்படாதீங்க. ஆனா நாளைக்குனு தள்ளாதீங்க, இன்னைக்கே கொழந்தைய கொண்டாந்துடுங்க."

பஸ்ஸும் இல்லை, ஆட்டோவும் எடுக்க முடியாது. வல்லரசு டவுனில் இருந்த தன் நண்பன் ராஜாவுக்குப் போன் செய்து, போலீஸ் தடுப்புக்கு அப்பால் ஆட்டோவோடு நிற்கச் சொன்னான். ரேணுகா குழந்தையைப் பழைய புடவையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். வல்லரசு குடை பிடித்தான். அவர்கள் போகவேண்டிய பக்கம்தான் கூட்டமும் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் அவளுக்கு வழிவிட்டு விலகினார்கள். நேர்ந்துகொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்த ஒரு பெண், குழந்தையின் நெற்றியில் விபூதி இட்டுவிட்டுப் போனாள்.

பக்கத்தில் ஒரு கூட்டம் உடுக்கை அடித்துக்கொண்டு வந்தது. அன்னதானப் பந்தலில் மைக் அலறியது. பீப்பி விற்கிறவர்கள் ஊதிக்கொண்டே நடந்தார்கள். ரேணுகா குனிந்து பார்த்தாள். குழந்தையின் இமைகூட அசையவில்லை. இத்தனை நாள் எல்லாரும் நல்ல குணம் என்று சொன்னது குணம் இல்லை என்பது அவளுக்கு அங்கேதான் உறைத்தது. நடையை எட்டிப் போட்டாள்.

குழந்தை மருத்துவர் ஆர்த்தி அவர்களுக்காகக் காத்திருந்தார். குழந்தையின் தலையை, நாக்கை, தொப்புளைப் பார்த்தார். இன்னொருமுறை ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவுக்காகக் காத்திருக்காமல் அன்று மாலையே முதல் மாத்திரையைப் பொடித்து, ரேணுகாவின் பாலிலேயே சில சொட்டு கலந்து ஸ்பூனில் கொடுக்கவைத்தார். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி வேலை செய்யவில்லை, அதைத் தூண்டும் சுரப்பு ரத்தத்தில் ஏறியிருப்பதே அதைக் காட்டுகிறது என்று விளக்கினார். அதிலிருந்து வரவேண்டியது வந்தால்தான் பிறந்த குழந்தைக்கு மூளை சரியாக வளரும். இந்த முதல் வாரங்களில் அது கிடைக்காமல் போனால் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் ஈடு செய்ய முடியாது. இப்போது கண்டுபிடித்துவிட்டதால் அதையே மாத்திரையாகக் கொடுத்துவிடலாம் என்றார்.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். சுரப்பி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது, சற்று வீங்கியிருந்தது. சிலருக்குச் சுரப்பியே உருவாகாமல் இருக்கும், இது அப்படி இல்லை என்ற ஆர்த்தி, ரேணுகாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு உண்டா? கர்ப்பத்தில் வேறு மருந்து சாப்பிட்டாளா? தொப்புளில் புண்ணுக்குப் போடும் பழுப்பு மருந்து ஏதாவது தடவினார்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

"சாப்பாட்டுல வேற எதுனா தினமும் எடுத்தீங்களா? டானிக், பவுடர், அந்த மாதிரி?"

ரேணுகா யோசித்தாள். "அதெல்லாம் இல்லீங்க டாக்டர். சூப்பு குடிச்சேன்."

"இன்னா சூப்பு?"

அவள் சொன்னாள். தடித்த பாசி, மெல்லிய பாசி, எவ்வளவு நேரம் கொதிக்கவைப்பது, எத்தனை கிண்ணம், எந்த மாதத்திலிருந்து. சமையல்காரி என்பதால் எதையும் விடாமல் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் மருத்துவரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

ஆர்த்தி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு அவளுக்குப் புரியும்படி சொன்னார். தைராய்டுக்கு அயோடின் வேண்டும். ஆனால் துளிதான் வேண்டும். அந்தத் தடித்த பாசியில் அது மிக அதிகம், கொதிக்கவைத்தால் தண்ணீரில் இறங்கிவிடும். அளவுக்கு மேல் அயோடின் வந்தால் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். பெரியவர்களுடைய சுரப்பி சில நாளில் சமாளித்துத் திரும்பவும் வேலையைத் தொடங்கிவிடும். வயிற்றிலிருக்கும் குழந்தையின் சுரப்பிக்கு அந்தச் சமாளிப்பு இன்னும் வந்திருக்காது. நிறுத்தியது நிறுத்தியபடியே இருந்துவிடும். பிறந்த பிறகும் தாய்ப்பால் வழியாக அது போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"அப்ப நான்தான் என் கொழந்தைக்கு இத குடுத்தேனா?" என்றாள் ரேணுகா.

"வாந்தியில ஒண்ணுமே தங்காம இருந்தீங்க. எது தங்குச்சோ அத குடிச்சீங்க. அதுல உங்கள குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. இன்னையோட அத நிறுத்திடுங்க. பால மட்டும் நிறுத்தாதீங்க, அது கொழந்தைக்கு வேணும்."

ரேணுகா தலையாட்டினாள். அழவில்லை. மாத்திரையை எப்படிப் பொடிப்பது, பாட்டிலில் ஏன் கலக்கக் கூடாது, இரும்பு, கால்சியம் சொட்டு மருந்துகளோடு ஏன் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். வல்லரசு வண்டியை எடுக்காமல் அவள் முகத்தைத் துடைக்கும்வரை காத்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவனுடைய கோபம் வெளியே வந்தது. கோபம் ரேணுகா மேல் இல்லை. நேராகக் கஃபேக்குப் போய் அந்தக் கொரியா அம்மாவை நாலு வார்த்தை கேட்கப்போகிறேன் என்று கிளம்பினான். கலையரசனையும் சேர்த்துக் கேட்பேன் என்றான். சந்திரம்மாளும் அவன் பக்கம்தான். இனி அந்த அம்மா இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றாள்.

"நீங்க போவாதீங்க," என்றாள் ரேணுகா. "குடிச்சவ நான். நான் பேசிக்கிறேன்."

அவளுடைய குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனை உட்காரவைத்தது.

அடுத்த நாள் காலை யங்ஹீ வழக்கம்போல் தூக்குப் பாத்திரத்தோடு வந்து நின்றார். சந்திரம்மாள் வாசலை மறித்தபடி, வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் நின்றாள். ரேணுகா உள்ளிருந்து கூப்பிட்டாள். அவர் வந்து பாயில் உட்கார்ந்ததும், சுற்றி வளைக்காமல் சொன்னாள். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, இங்கே இருப்பது குழந்தைக்கு வேலை செய்யவில்லை, பாசியில் இருக்கும் சத்து அதிகமாகிப்போனதால் நின்றுவிட்டது என்று, தமிழும் தனக்குத் தெரிந்த ஆங்கிலமும் கலந்து மெதுவாகச் சொன்னாள். யங்ஹீக்கு முதலில் புரியவில்லை. சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"என் பாசி?"

"ஆமாம்மா."

அவர் தூக்குப் பாத்திரத்தைக் கையெட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தார். குழந்தையைப் பார்த்தார், தொடவில்லை. தனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அவளைப் பெற்றபோது தானும் குடித்தேன், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் நல்லது என்றே நினைத்தேன் என்றார். எழுந்து, தான் இனி வரமாட்டேன் என்று கும்பிட்டார்.

"உக்காருங்கம்மா," என்றாள் ரேணுகா. "குழாயடியில நான் எழுந்திருக்க முடியாம கெடந்தன்னைக்கு எனக்கு ஆகாரம் குடுத்தது நீங்கதான். உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இனிமே தெரியும்."

யங்ஹீ உட்கார்ந்தார். சத்தமில்லாமல் அழுதார். வாசலில் நின்றிருந்த சந்திரம்மாள் உள்ளே போய், ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பிறகு அந்தத் தூக்குப் பாத்திரத்தை எடுத்துப்போய், சூப்பை வாய்க்காலில் கொட்டி, பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த பரிசோதனைக்கு யங்ஹீயும் மருத்துவமனைக்கு வந்தார். தான் கொடுத்த பாசியின் பாக்கெட்டை ஆர்த்தியிடம் காட்டினார். தங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் குடிக்கிறார்களே என்று கேட்டார். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, எந்தப் பாசி, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது, உங்கள் ஊர் மருத்துவர்களும் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள் என்று ஆர்த்தி சொன்னார். யங்ஹீ அதைத் தன் மகளுக்குப் போனில் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாத்திரை தொடங்கிச் சில வாரங்களிலேயே சினேகா மாறினாள். மஞ்சள் இறங்கியது. பால் குடிக்கும்போது கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் பசிக்கு வீறிட்டு அழுதாள். பக்கத்து வீட்டிலிருந்து என்ன ஆச்சு என்று எட்டிப்பார்த்தார்கள். சந்திரம்மாள் குழந்தையைத் தூக்காமல் சிரித்துக்கொண்டு நின்றாள். ரேணுகாதான் ஓடிவந்து எடுத்தாள்.

ஆனால் ரேணுகாவின் பயம் வேறு பக்கம் திரும்பியது. அயோடின் என்ற சொல்லைக் கேட்டாலே ஆகவில்லை. வீட்டிலிருந்த பாக்கெட் உப்பைக் கொட்டினாள். மீனை நிறுத்தினாள். இந்துப்புதான் சுத்தமானது, கம்பெனி உப்பில் அயோடினைக் கலந்து தைராய்டை வரவழைக்கிறார்கள் என்று போனில் யாரோ பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு, வேங்கிக்காலில் ஒரு இயற்கை அங்காடியில் அந்த இளஞ்சிவப்பு உப்பை வாங்கி வந்தாள். முட்டையைக்கூட விட்டுவிட்டாள். குழந்தைக்காக நாக்கைக் கட்டுவது அவளுக்கு ஒரு நிம்மதியைத் தந்தது. அடுத்தமுறை போனபோது ஆர்த்தியிடம் இதையெல்லாம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

ஆர்த்தி தலையில் கைவைத்துக்கொண்டார். பாக்கெட் உப்பில் இருப்பது துளியளவு. பாசியில் இருந்தது அதைப் போலப் பல நூறு மடங்கு. இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. அயோடின் கொஞ்சமும் கிடைக்காவிட்டாலும் அதே சுரப்பிதான் கெடும். இந்தப் பக்கமெல்லாம் முன்னே கழுத்து வீங்கியவர்களைப் பார்த்ததில்லையா என்று கேட்டார்.

"பால் குடுக்கறவங்களுக்கு அயோடின் மத்தவங்களவிட கொஞ்சம் ஜாஸ்தியே வேணும். எல்லாரும் போடற பாக்கெட் உப்பையே போடுங்க. மீன் சாப்புடுங்க, முட்டை சாப்புடுங்க. பாசி மட்டும் வேணாம்."

திரும்பி வரும்போது ரேணுகாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஜாஸ்தியானாலும் தப்பு, கம்மியானாலும் தப்பு என்றால் மனுஷி எதைத்தான் சாப்பிடுவது என்று வல்லரசுவிடம் கேட்டாள். டாக்டர் சொல்றதையே செய்யலாம் என்றான் அவன். கடையில் நிறுத்தி ஒரு பாக்கெட் உப்பு வாங்கினான். அன்று இரவு குழம்புக்கு அதைப் போடும்போது அவள் கை தயங்கியதைச் சந்திரம்மாள் பார்த்தாள். உப்பு டப்பாவை வாங்கித் தானே போட்டாள்.

குழந்தை வளர்வதை ரேணுகா மற்ற தாய்மார்களைப் போல ரசிக்க முடியவில்லை, கண்காணித்தாள். தலை நிற்கிறதா, குப்புற விழுகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா. அங்கன்வாடியில் அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சினேகா நடக்கக் கொஞ்சம் தாமதித்தபோது தூக்கம் போனது. பிறகு ஒருநாள் அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே கூடத்தைக் கடந்தாள், அடுத்த வாரம் நாற்காலி இல்லாமல் கடந்தாள். வாய் மட்டும் சீக்கிரமே திறந்தது. கஃபேயில் மாமர நிழலில் விட்டிருக்கும்போது தமிழும் ஆங்கிலமும் யங்ஹீயிடம் கேட்ட கொரிய வார்த்தைகளும் கலந்து பேசினாள். வேலைக்குத் திரும்பிய ரேணுகா காலையில் சீக்கிரம் கிளம்பவேண்டியிருந்ததால், மாத்திரை கொடுப்பது வல்லரசுவின் வேலையானது. வெறும் வயிற்றில், சவாரிக்குப் போகுமுன், தவறாமல் கொடுத்தான்.

குழந்தையின் எடை கூடக் கூட மாத்திரையின் அளவையும் கூட்டவேண்டி வரலாம் என்று ஆர்த்தி சொல்லியிருந்தார். கூட்டவேண்டிய தேவை வரவில்லை. பழைய அளவே போதுமானதாக இருந்தது. பிறகு அதையும் குறைத்தார். சுரப்பி விழித்துக்கொண்டிருக்கலாம் என்றார். ஆனால் அவசரப்படக் கூடாது, மூளை வளரும் வயது தாண்டட்டும், மூன்று முடிந்ததும் நிறுத்திப் பார்க்கலாம் என்றார்.

இந்தத் தை மாதம் சினேகாவுக்கு மூன்று முடிந்தது. மாத்திரையை நிறுத்தினார்கள். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு அவள் அப்பாவின் முன்னால் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். இனிமேல் இல்லை என்று அவன் சொன்னதும் ஏன் இல்லை என்று கோபித்துக்கொண்டு அழுதாள். வல்லரசு செய்வதறியாமல் ஸ்பூனில் கொஞ்சம் பாலை எடுத்து ஊட்டிவிட்டான்.

அந்த ஒரு மாதம் ரேணுகாவுக்குக் கடினமாக இருந்தது. குழந்தை மதியம் சற்று அதிகமாகத் தூங்கினால் போய்த் தட்டி எழுப்பினாள். சாப்பாட்டில் மிச்சம் வைத்தால் திரும்பத் திரும்ப ஊட்டப் பார்த்தாள். ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று கஃபேயில் ஆர்டர்களை மாற்றி மாற்றிக் கொடுத்தாள். கலையரசன் தானே அடுப்பருகே வந்து நின்றுகொண்டார். மாலையில் ஆர்த்தியே போன் செய்தார். சுரப்பி தானாகவே வேலை செய்கிறது, மாத்திரை இனி வேண்டாம், சில மாதம் கழித்து ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்றார். ரேணுகா போனை வைத்துவிட்டு, தட்டில் பாதி நறுக்கிக் கிடந்த தக்காளியை நறுக்கி முடித்தாள். பிறகு மாடிப்படி ஏறி யங்ஹீயிடம் போய்ச் சொன்னாள். அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ரேணுகா இன்றும் அந்தக் கஃபேயில்தான் இருக்கிறாள். கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருகிறவர்கள் கேட்டால் பாசி சூப் வைத்துக் கொடுக்கிறாள். ருசி அப்படியே இருக்கிறது, ஆனால் அவள் வாயில் வைப்பதில்லை. உப்பு சரியா என்று பார்க்க வேறு யாரையாவது கூப்பிடுகிறாள். பெண்கள் யாராவது கேட்டால் மட்டும், தட்டை வைப்பதற்கு முன் கூச்சத்தை விட்டு, பிள்ளை உண்டாகியிருக்கிறீர்களா, பால் கொடுக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிடுகிறாள். சிலர் சிரிக்கிறார்கள். ஒருத்தி கோபித்துக்கொண்டு எழுந்து போனாள். போன மாதம் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு பெண் ஆமாம் என்றாள், இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்றாள். ரேணுகா சூப்பைத் திருப்பி எடுத்துப்போய்விட்டு, அவளுக்குப் பருப்பு கடைந்து, நெய் விட்டு, சுடச்சுடச் சோறு கொண்டுவந்து வைத்தாள்.